பெயர் ஒன்று, பொருள் இரண்டு

'இங்கிலிஷ் ரீச்சர்' என்று ஒருவரைச் சுட்டி ஆங்கிலத்திலே கூறும்போது, அவர் ஆங்கில மொழியைக் கற்பிப்பவரா, அன்றி இங்கிலாந்திலே பிறந்து கணக்கையோ சங்கீதத்தையோ கற்பிப்பவரா என்பது எழுத்திலே தெரியாது; காதுக்கு மட்டுமே தெரியும். மொழியைக் கற்பிப்பவராயின் ஆங்கிலம் வல்லோர் முதற்சொல்லை அழுத்தி, இரண்டாஞ் சொல்லை மெல்ல விட்டுவிடுவர். பிறந்த நாட்டைக் குறிப்பதாயின் இரண்டாஞ் சொல்லின்மீதும் அழுத்தம் ஏறும். வானொலிக்கு எட்டும் இந்த வேறுபாடு அச்சு யந்திரத்துக்கு எட்டுவதில்லை.

தமிழிலே இந்த இடர்ப்பாடு பெரும்பாலும் இல்லை. ஆங்கில ஆசிரியர் வேறு, ஆங்கிலேய ஆசிரியர் வேறு. தமிழ் என்பது மொழி. தமிழர் என்பது மக்கள். சிங்களமும் சிங்களவரும் அவ்வாறே. ஈற்றில் நிற்கும் ஒரு சிறு விகுதி காவற்காரனைப்போல் நின்று இரண்டையும் பிரித்துவிடுகிறது. பிரெஞ்சு மக்கள் வேறொரு வழி கண்டனர். மக்களைக் குறிக்கும் பெயரைப் பெரிய எழுத்தாலும், மொழியைக் குறிக்கும் அதே பெயரைச் சிறிய எழுத்தாலும் தொடங்குவது அவர்களது வழக்கம். ஆங்கிலத்திலோ 'ஜேர்மன்' என்ற ஒரே சொல் மொழியையும் குறிக்கும், அந்நாட்டு மனிதன் ஒருவனையும் குறிக்கும், இரண்டுக்கும் அடைமொழியாகவும் நிற்கும். இலக்கண விநோதமாகத் தோன்றும் இக்குழப்பத்தினால் உத்தியோகம் பெறாது நின்றோர் உளர். நீதிமன்றத்திலே தண்டம் இறுத்த உபாத்தியாயர் உளர். சட்டப் புத்தகத்திலே வேற்றுப் பெயருடன் குடியிருக்கும் மக்களும் உளர்.

கதையின் தொடக்கம் மிகப் பழையது. பீட் என்னும் துறவி, ஆங்கிலேய மக்களின் திருச்சபை வரலாற்றை இலத்தீனிலே எழுதி கி.பி. 731இல் நிறைவுசெய்தார். பிரித்தானியத் தீவிலே ஐந்து மொழிகள் வழங்கின என்று அவர் தமது நூலின் முதலதிகாரத்திலேயே கூறுகிறார். ஆங்கிலர், பிரித்தர், ஸ்கொட்டர், பிக்தர் என்னும் நான்கு மக்களுடைய மொழிகள் நான்கு, இலத்தீன் ஐந்தாவது. நான்கு மொழிகளுக்கும் பேசுவோரின் பெயரே பெயராயிற்று. இலத்தீனுக்கு மட்டும் அத்தீவிலே தனக்கென ஒரு குலம் இல்லை. வேதம் கற்போர் யாவருக்கும் அது பொது. இங்ஙனம் பீட் வகுத்த பட்டியல் மிகத் தெளிவானது. ஆயின் அடுத்துவந்த நூற்றாண்டுகளில் அப்பெயர்கள் வீடு மாறிய வகையைப் பார்க்குமிடத்து, அந்தத் தெளிவு எத்துணைக் குறுகிய ஆயுள் உடையது என்பது புலனாகும்.

'இங்கிலிஷ்' என்னும் பெயரையே எடுத்துக்கொள்ளலாம். கடல் கடந்து வந்து குடியேறிய ஜேர்மானியக் குலங்களுள் ஆங்கிலர் என்போர் ஒரு பிரிவினர் மாத்திரமே. சாக்சன் குலத்தினர் தென்பகுதியில் அரசமைத்தனர். அந்தச் சாக்சன் அரசருள் தலைசிறந்தவரான அல்பிரெட் மன்னர் 899இல் இறந்தார். தாம் எழுதிய மொழியை அவர் சாக்சன் மொழி என்னாது 'இங்கிலிஷ்' என்றே குறித்தார். இங்கிலாந்து முழுவதும் ஒரு குடைக்கீழ் வந்தது அவருடைய பேரனான அதெல்ஸ்தான் காலத்திலே, 927இல். ஆகவே 'இங்கிலிஷ்' என்று ஒரு மொழி வழங்கிய பின்னரே இங்கிலாந்து என ஓர் அரசு உண்டாயிற்று. மொழி முந்திற்று, நாடு பிந்திற்று. பிற்காலத்திலே இந்த வரிசையைப் பலர் தலைகீழாக எண்ணிக்கொண்டனர்.

'டச்சு' என்னும் சொல்லின் பயணம் இதனினும் வியப்பானது. பழைய ஜேர்மானிய மொழிகளிலே 'தியோத்' என்ற சொல் மக்கள் என்னும் பொருளுடையது. அதிலிருந்து பிறந்த அடைமொழிக்குப் 'பொதுமக்களுடைய பேச்சு' என்று பொருள். கற்றோருடைய இலத்தீனுக்கு எதிர்ச்சொல் அது. அச்சொல் இலத்தீன் வடிவில் முதன்முதலாகக் காணப்படுவது 786இல், இங்கிலாந்திலே கூடிய திருச்சபை மன்றத்தைப்பற்றிப் பாப்பரசருக்கு அனுப்பிய அறிக்கையிலாகும். தீர்மானங்கள் இலத்தீனிலும் மக்கள் பேச்சிலும் வாசிக்கப்பட்டன என்பது செய்தி. அங்கே 'மக்கள் பேச்சு' எனப்பட்டது இன்றைய டச்சும் அன்று, ஜேர்மனும் அன்று, அக்கால ஆங்கிலமே. பின்னர் அதே சொல் ஜேர்மனியிலே 'டொய்ச்' என மாறி, அம்மொழிக்கும் மக்களுக்கும் உரிய பெயராயிற்று. ஆங்கிலேயரோ 'டச்சு' என்னும் வடிவை நெடுங்காலம் கடலுக்கு அப்பாலுள்ள ஜேர்மானிய மக்கள் யாவருக்கும் பொதுவாக வழங்கினர். மலைநாட்டார் மொழி உயர் டச்சு, கடற்கரைத் தாழ்நிலத்தார் மொழி தாழ் டச்சு என்பது அவர்களது பாகுபாடு. தாழ்நில மாகாணங்கள் ஸ்பெயின் மன்னனைத் துறந்து 1581இல் பிரகடனஞ் செய்து, 1648இல் தனியரசாக ஏற்கப்பட்ட பின்னர், வாணிகத்திலும் கடற்போரிலும் ஆங்கிலேயருக்கு நாள்தோறும் எதிர்ப்பட்டவர்கள் அந்நாட்டாரே. எதிரே நிற்பவனுக்கே பெயர் ஒட்டிற்று. 'டச்சு' என்பது நெதர்லாந்தினரை மட்டும் குறிப்பதாய்ச் சுருங்கிற்று. அவர்களோ தம் மொழியை 'நேடர்லான்ஸ்' என்பர்.

பழைய விரிந்த பொருள் அமெரிக்காவின் ஒரு மூலையிலே இன்றும் உயிரோடிருக்கிறது. ஜேர்மனியிலிருந்து பதினேழாம், பதினெட்டாம் நூற்றாண்டுகளிலே பென்சில்வேனியாவுக்குச் சென்று குடியேறியோரின் வழித்தோன்றல்கள் 'பென்சில்வேனியா டச்சு' எனப்படுவர். நெதர்லாந்துக்கும் அவர்களுக்கும் சம்பந்தமில்லை.

தமிழருக்கு இந்தக் குழப்பம் நேரவில்லை. 1656இல் கொழும்பையும் 1658இல் யாழ்ப்பாணத்தையும் கைப்பற்றியவர்களை அவர்கள் ஒல்லாந்தர் என்றே அழைத்தனர். மாகாணங்கள் பலவற்றுள் ஒன்றான ஒல்லாந்தின் பெயரால் முழு நாட்டையும் சுட்டியது பிழையெனினும், அது நாட்டுப்பெயர் என்பதிலே ஐயமில்லை. ஆங்கிலம் வழங்கிய பெயரோ இலங்கையிலும் ஒரு புதிய பொருளை ஈன்றது. 'டச்சுப் பறங்கியர்' என்போரின் முன்னோருள் ஒல்லாந்தக் கம்பெனியிலே சேவகஞ் செய்த ஜேர்மானியரும் பிறரும் இருந்தனர். அச்சமூகத்தவரின் வீட்டுப் பேச்சு ஒரு காலத்திலே போர்த்துக்கேயக் கலப்பு மொழி, பின்னர் ஆங்கிலம். 1908இல் அவர்கள் தமக்கெனச் சங்கம் அமைத்தபோது, அதன் பெயரில் நின்ற 'டச்சு' என்னும் சொல் அவர்கள் பேசிய மொழியையும் குறிக்கவில்லை, அவர்கள் குடியுரிமை பெற்ற நாட்டையும் குறிக்கவில்லை. வமிசாவளி ஒன்றையே குறித்தது.

ஆயினும் பெயர்மாற்றத்தால் பெருநட்டம் அடைந்தோர் ஸ்கொட்லாந்தின் மலைநாட்டு மக்களேயாவர். பீட் கூறிய ஸ்கொட்டர் அயர்லாந்திலிருந்து சென்று வடபகுதியிற் குடியேறியவர்கள். அவர்கள் பேசியது கேலிக் மொழி. ஆகவே 'ஸ்கொட்டர் மொழி' என்றால் முதலில் கேலிக் என்றே பொருள். ஸ்கொட்லாந்து என்னும் நாட்டுக்குப் பெயர் ஈந்ததும் அம்மொழியாரே. காலஞ் செல்ல, தென்புறத் தாழ்நிலப் பட்டினங்களிலும் அரசவையிலும் ஆங்கிலத்துக்கு நெருங்கிய இனமான வேறொரு மொழி ஓங்கிற்று. அதனைப் பேசினோர் 'இங்லிஸ்' என்றே தயக்கமின்றி வழங்கினர். இங்கிலாந்தோடு இடையறாது போர் புரிந்த நாட்டிலே, தாம் பேசுவது 'இங்லிஸ்' என்று கூறுவதை அம்மக்கள் இழுக்காகக் கருதவில்லை என்பது இக்காலத்தவருக்கு விளங்குவது அரிது. நாட்டுப்பற்று வேறு, நாவின் பழக்கம் வேறு என்று அவர்கள் எண்ணினர் போலும்.

பதினைந்தாம் நூற்றாண்டின் இறுதியிலே காற்று மாறிற்று. அரசவைக் கவிஞரான வில்லியம் டன்பார் தமது மொழியை இன்னும் 'இங்லிஸ்' என்றே கூறினார். கேலிக் வழங்கிய பகுதியிலிருந்து வந்த வோல்டர் கென்னடி என்னும் கவிஞரோடு அவர் நிகழ்த்திய வசைப்போர்ப் பாடல் ஒன்று உண்டு. அதிலே டன்பார் கென்னடியின் மொழியை அயர்லாந்தாரின் மொழியென எள்ளி நகையாடுகிறார். கென்னடியோ, அதுவே ஸ்கொட்லாந்தார் யாவருக்கும் உரிய மொழியாதல் வேண்டும் என்று திருப்பித் தாக்குகிறார். வசையாகப் பாடியதாயினும் வழக்கு உண்மையானது: நாட்டின் பெயர் எந்த மொழிக்கு உரியது? கென்னடி பக்கத்திலே வரலாறு நின்றது. டன்பார் பக்கத்திலே அரசவை நின்றது. தீர்ப்பு எப்படியிருக்கும் என்பதை ஊகிப்பது கடினமன்று. 1513இல் கவின் டக்ளஸ் என்பார் வேர்ஜிலின் பெருங்காப்பியத்தை மொழிபெயர்த்து முடித்தபோது, அதனை ஸ்கொட்லாந்து நாட்டினத்தின் மொழியிலே எழுதியதாகக் கூறிக்கொண்டார். அவர் எழுதியது பழைய 'இங்லிஸ்' மொழியே. மொழி மாறவில்லை, பெயர்ப்பலகை மாறிற்று. தாழ்நிலத்தார் பேச்சு 'ஸ்கொட்ஸ்' ஆனதும், ஆதியிலே அப்பெயரை உடைய கேலிக் 'ஐரிஷ்' எனப்பட்டது. சொந்த நாட்டிலேயே அது அந்நிய மொழியாயிற்று.

இதன் பயன் நூறாண்டின் பின் வெளிப்பட்டது. ஸ்கொட்லாந்தின் மந்திராலோசனைச் சபை 1616இல் பங்குதோறும் பாடசாலை அமைக்கக் கட்டளையிட்டது. எங்கும் ஆங்கிலத்தை நாட்டுதல் வேண்டும் என்றும், நாகரிகமின்மைக்குத் தலையாய காரணங்களுள் ஒன்றான 'ஐரிஷ்' மொழியை ஒழித்து அகற்றுதல் வேண்டும் என்றும் அக்கட்டளை கூறிற்று. கேலிக் 'ஸ்கொட்டர் மொழி' என்னும் பெயரோடு நின்றிருந்தால், ஸ்கொட்லாந்தின் சபையே அதனை ஒழிக்குமாறு எழுதுவதற்குக் கை சற்றேனும் தயங்கியிருக்கும். வேற்று நாட்டுப் பெயரைச் சூட்டிய பின்னர் தயக்கத்துக்கு இடமில்லை.

வேல்ஸ் மக்களுக்கு ஆங்கிலேயர் இட்ட பெயரே 'அந்நியர்' என்னும் பொருளுடையது. பின்னே வந்தவர் முன்னே இருந்தவரை அந்நியர் என்றழைத்தது உலக வரலாற்றிலே அபூர்வமான செய்தியன்று. தம் மொழியிலே அம்மக்கள் தம்மைக் 'கம்ரி' என்பர். மொழியைச் சுட்டும் அடைமொழி 'கம்ராய்க்'. நாட்டைச் சுட்டும் அடைமொழி 'கம்ரெய்க்'. ஆங்கிலம் 'வெல்ஷ்' என்று ஒன்றாய்க் கட்டியதை அவர்கள் மொழி இரண்டாய்ப் பிரித்து வைத்திருக்கிறது. வேல்ஸ் நாட்டைப்பற்றி ஆங்கிலத்தில் எழுதிய நூல் ஒன்று அவர்களுக்கு இரண்டாம் அடைமொழிக்கு உரியது, முதலாவதற்கு உரியதன்று. 'வெல்ஷ் புத்தகம்' என்னும் ஆங்கிலத் தொடர் அந்த வேறுபாட்டை விழுங்கிவிடும்.

1536இல் எட்டாம் ஹென்றி மன்னரின் பாராளுமன்றம் வேல்ஸை இங்கிலாந்தோடு இணைத்துச் சட்டம் இயற்றிற்று. இனி அந்நாட்டார் இங்கிலாந்துப் பிரசைகளின் உரிமை யாவும் பெறுவர் என்றது. அதே சட்டம், ஆங்கிலம் பேசாது வேல்ஸ் மொழியையே பேசும் எவரும் உத்தியோகம் எதனையும் வகிக்கலாகாது என்றும் விதித்தது. ஒரு கையால் நாட்டினத்தைக் கொடுத்து மறு கையால் மொழியைப் பறித்த செய்கை அது. வேல்ஸ் மொழி அழியாது நிலைத்ததற்கு, 1588இல் வில்லியம் மோர்கன் வெளியிட்ட வேதாகம மொழிபெயர்ப்பு ஒரு பெருங்காரணம். 2011இல் நிறைவேறிய சட்டமொன்றினால் அம்மொழி வேல்ஸிலே உத்தியோக அந்தஸ்து பெற்றது.

பதினாறாம் நூற்றாண்டிலே 'பிரித்தானிய மொழி' என்றால் வேல்ஸ் மொழியே என்பதும் இங்கே குறிக்கத்தக்கது. பண்டைப் பிரித்தரின் வழிவந்த மொழி அதுவாதலின் அப்பெயர் பொருத்தமானதே. 1604இல் ஜேம்ஸ் மன்னர் தம்மைப் பெரிய பிரித்தானியாவின் அரசர் என்று பிரகடனஞ் செய்தார். 1707இல் இங்கிலாந்தும் ஸ்கொட்லாந்தும் ஒரே பாராளுமன்றத்தின்கீழ் இணைந்தன. 'பிரித்தானிய' என்பது அதன்பின் நாட்டினப் பெயராய் ஓங்கி, மொழிப்பொருளை உதறிவிட்டது. இன்று பிரித்தானியப் பிரசைகள் பலகோடி. 'பிரித்தானியம்' என்னும் பெயரால் மொழி பேசுவோர் ஒருவருமில்லை.

அத்திலாந்திக் சமுத்திரத்துக்கு மேற்கே இச்சிக்கல் குடிசன மதிப்பு அதிகாரிகளின் மேசைக்கு வந்தது. அமெரிக்க ஐக்கிய நாடுகளிலே குடியேறியோரிடம் பிறந்த நாடு எது என்று கேட்டு எழுதுவது வழக்கம். போலந்து மக்கள் என்ன பதில் கூறுவது? 1795இன் பின் போலந்து என்ற நாடு உலகப்படத்தில் இல்லை. ஒருவர் ருஷியாவிலே பிறந்தவர், ஒருவர் ஒஸ்திரியாவிலே பிறந்தவர், ஒருவர் ஜேர்மனியிலே பிறந்தவர்; மூவரும் வீட்டிலே பேசுவது ஒரே மொழி. இத்தகையோரின் முறைப்பாட்டை ஏற்று, தாய்மொழியையும் வினவுமாறு கொங்கிரஸ் சபை 1910 மார்ச்சு மாதத்திலே சட்டத்தைத் திருத்திற்று. கணக்கெடுக்கும் நாளோ ஏப்ரல் 15. படிவங்கள் முன்னரே அச்சாகிவிட்டன. தாய்மொழிக்கு அவற்றிலே கட்டம் இல்லை. எனவே பிறந்த நாட்டுக்குரிய கட்டத்துக்குள்ளேயே நாட்டின் பெயரையும் அதன் பக்கத்தில் மொழியின் பெயரையும் நெருக்கி எழுதுமாறு கணக்கெடுப்போர் பணிக்கப்பட்டனர். ஒரு சிறு கட்டத்துள் இரண்டு உண்மைகள் இடித்துக்கொண்டு நின்றன.

ஏழாண்டுகளில் நிலைமை கடுமையாயிற்று. 1917இல் அமெரிக்கா ஜேர்மனிக்கெதிராகப் போரில் இறங்கிற்று. 'ஜேர்மன்' என்னும் சொல்லின் இரட்டைப் பொருள் இப்பொழுது பழியைச் சுமந்தது. ஜேர்மன் பேசுபவன் ஜேர்மன்; ஜேர்மன் பகைவன்; ஆகவே ஜேர்மன் பேசுபவன் பகைவன். தருக்க நூலார் இதனைச் சொற்போலி என்பர். அமெரிக்காவிலே அம்மொழி பேசியோருள் சுவிற்சர்லாந்திலிருந்து வந்தோரும், ஒஸ்திரியாவிலிருந்து வந்தோரும், போரையே பாவமெனக் கொண்டு ருஷியாவிலிருந்து குடிபெயர்ந்த மெனோனைற் மதத்தினரும் இருந்தனர். சொற்போலி அவர்களை வேறுபிரித்துப் பார்க்கவில்லை. 1918 மே 23ஆந் திகதி அயோவா மாநிலத்தின் ஆளுநர் வில்லியம் ஹார்டிங், பாடசாலையிலும் பொது இடத்திலும் புகையிரதத்திலும் தொலைபேசியிலும் வழிபாட்டிலும் ஆங்கிலமே வழங்குதல் வேண்டும் எனப் பிரகடனஞ் செய்தார். ஆங்கிலம் விளங்காதவர் தத்தம் வீட்டிலே வழிபடலாமாம். அமெரிக்காவின் பக்கம் நின்ற டேனியரும் செக்கரும் நோர்வேயரும் இதனால் வாயடைக்கப்பட்டனர்.

அயல் மாநிலமான நெபிராஸ்கா 1919இல் சட்டமே இயற்றிற்று. எந்தப் பாடசாலையிலும், அது சமயப் பாடசாலையாயினும், ஆங்கிலமல்லாத மொழியிலே பாடம் நடத்தலாகாது. எட்டாம் வகுப்பு முடிக்காத பிள்ளைக்கு வேற்று மொழியைக் கற்பித்தலும் ஆகாது. ஹம்ப்டன் என்னும் சிற்றூரின் லூதரன் பாடசாலையிலே கற்பித்த ரொபேட் மேயர் என்னும் உபாத்தியாயர், 1920 மே மாதத்தில் பத்து வயதுப் பிள்ளைக்கு வேதாகமக் கதைகளை ஜேர்மன் மொழியிலே வாசிக்கக் கற்பித்ததற்காகக் குற்றவாளியாக்கப்பட்டார். தண்டம் 25 டொலர். மாநில உயர்நீதிமன்றம் தண்டத்தை உறுதிசெய்தது. இலத்தீன், கிரேக்கம், எபிரேயம் ஆகிய பழமொழிகளைக் கற்பித்தல் இச்சட்டத்திலே அடங்காது என்றும் அது விளக்கிற்று. பின்னால் ஒரு நாட்டின் படை நில்லாத மொழிக்கு ஆபத்தும் இல்லைப்போலும்! பீட் என்பார் இலத்தீனைத் தனியே வைத்து எண்ணியது இவ்விடத்திலே நினைவுக்கு வரும்.

மேயர் விட்டுவிடவில்லை. வழக்கு வாஷிங்டனிலுள்ள தலைமை நீதிமன்றம் வரை சென்றது. 1923 யூன் 4ஆந் திகதி ஏழு நீதியரசர் ஒருபுறமும் இருவர் மறுபுறமுமாகச் சட்டத்தைச் செல்லாதாக்கினர். ஜேர்மன் மொழியை அறிந்திருத்தல் மாத்திரமே தீங்காகாது என்றும், உபாத்தியாயர் கற்பிக்கும் உரிமையும் பெற்றோர் தம் பிள்ளைக்குக் கற்பிக்க அவரை அமர்த்தும் உரிமையும் அரசியலமைப்பினாற் காக்கப்படுவன என்றும் நீதியரசர் மக்ரேய்னோல்ட்ஸ் எழுதினார். மொழியையும் நாட்டினத்தையும் பிரித்துப் பார்க்க ஒரு நாட்டின் தலைமை நீதிமன்றம் வேண்டியிருந்தது.

அதே 1923இல் இல்லினோய் மாநிலம் மறுகோடிக்குச் சென்றது. பேசுவது ஆங்கிலமேயாயினும், இங்கிலாந்தின் பெயரைத் தாங்கிய மொழியை அமெரிக்கர் தம் மொழியென்று கூறலாமா என்பது அங்கே கேள்வி. இனிமேல் மாநிலத்தின் உத்தியோக மொழி 'அமெரிக்கன்' என்று சட்டம் செய்தனர். மக்கள் முன்போலவே பேசினர், பாடசாலைகள் முன்போலவே கற்பித்தன. 1969இல் ஓசையின்றி அச்சொல்லை எடுத்துவிட்டு 'இங்கிலிஷ்' என்று திருத்தினர். அகராதி தொகுத்த நோவா வெப்ஸ்டர் இவ்விடயத்திலே கூடிய நிதானமுடையவர். 1828இல் வெளியிட்ட நூலுக்கு அவர் இட்ட பெயர் 'ஆங்கில மொழியின் அமெரிக்க அகராதி' என்னும் பொருளுடையது. நாடு ஒரு சொல், மொழி ஒரு சொல். இரண்டும் தத்தம் இடத்தில்.

பெயர்வெறுப்பு ஐரோப்பாவிலும் இல்லாமலில்லை. 1945இன் பின், ஹிட்லரின் ஜேர்மனியோடு தனக்கு ஒட்டில்லை என்று காட்ட விரும்பிய ஒஸ்திரியா, மாணவரின் தேர்ச்சி அறிக்கையிலே 'ஜேர்மன்' என்னும் பாடப்பெயரை நீக்கிப் 'போதனா மொழி' என்று சிலகாலம் எழுதிற்று. சுவிற்சர்லாந்துக்கு அத்தொல்லை இல்லை. 1848இன் அரசியலமைப்பு ஜேர்மன், பிரெஞ்சு, இத்தாலியன் மூன்றையும் தேசிய மொழிகள் என்றது. 1938இல் றோமான்ஷ் நான்காவதாய்ச் சேர்ந்தது. 'சுவிஸ்' என்னும் பெயர் ஒருபோதும் ஒரு மொழிக்கு உரியதாகவில்லை.

இலங்கைத் தமிழரும் இந்தக் கதைக்குப் புறம்பானவரல்லர். மலையாளக் கரையிலே முதலில் இறங்கிய போர்த்துக்கேயர், அக்கரைக்குரிய 'மலபார்' என்னும் பெயரைத் தமிழ்நாட்டு மக்களுக்கும் மொழிக்கும் நீட்டினர். 1578இல் கொல்லத்திலே தமிழெழுத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' என்னும் நூலின் முகப்பே அதன் மொழியை 'மலபார் தமிழ்' என்கிறது. ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் அவ்வழக்கையே பின்பற்றினர். பப்பிரீசியஸ் பாதிரியார் 1779இல் வேப்பேரியிலே வெளியிட்ட அகராதி, 'மலபார்' அகராதி என்னும் பெயருடனேயே வந்தது.

மொழிக்கும் மக்களுக்கும் ஒருங்கே இட்ட இப்பெயர், இலங்கையிலே ஒன்பது ஆண்டு இடைவெளியில் இரண்டு முக்கியமான ஆங்கிலப் பத்திரங்களில் இருவேறு பொருளோடு ஏறிற்று. 1815 மார்ச்சு 2ஆந் திகதிய கண்டி உடன்படிக்கை, கண்டி இராச்சியத்தின்மேல் 'மலபார் இனத்துக்கு' இருந்த உரிமை யாவும் ஒழிந்தது என்று கூறுகிறது. அங்கே கருதப்பட்டவர் ஸ்ரீ விக்கிரம இராஜசிங்கனின் நாயக்கர் குலத்தவர். மதுரையிலிருந்து வந்த அவர்களின் மூதாதையர் தெலுங்கர். மற்றைப் பத்திரம் அதற்கு முந்திய 1806ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரமாணம். ஒல்லாந்தர் 1707இல் தொகுத்த தேசவழமைக்குப் பூரண வலுவளித்த அப்பிரமாணம், அதனை யாழ்ப்பாண மாகாணத்து 'மலபார்க் குடிகளின்' வழக்கங்கள் என்று வருணிக்கிறது. அங்கே மலபார் என்றது யாழ்ப்பாணத் தமிழரை. கண்டி மன்னனின் சுற்றத்தார் ஆட்சியுரிமை இழந்ததும், யாழ்ப்பாணத்துக் குடியானவன் தன் சீதனக் காணிக்குப் பாதுகாப்புப் பெற்றதும் ஒரே சொல்லினாலே.

'தமிழ்' என்னும் சொல் பத்தொன்பதாம் நூற்றாண்டிலே 'மலபாரை' மெல்ல மெல்ல ஆங்கில வழக்கினின்றும் விலக்கிற்று. ஆயின் மொழியா மக்களா என்னும் கேள்வி அதனோடு விலகவில்லை. சட்டநிரூபண சபையிலே தமிழ்ப் பிரதிநிதியாக இருந்த பொன்னம்பலம் இராமநாதன், இலங்கைச் சோனகரின் இனவரலாறு பற்றி 1888இல் அரச ஆசியக் கழகத்திலே ஒரு கட்டுரை படித்தார். சோனகர் தமிழ் பேசுகின்றனர், வழக்கங்களும் ஒத்துள்ளன, ஆதலின் அவர்கள் தமிழினத்தவரே, வேறுபாடு சமயத்தளவிலானது என்பது அவருடைய வாதம். அடுத்த ஆண்டிலே சட்டநிரூபண சபையிற் சோனகருக்குத் தனிப் பிரதிநிதி ஒருவர் நியமிக்கப்பட்டதை எண்ணினால், கட்டுரை ஏட்டுப் பிரச்சினையளவில் நின்றதன்று என்பது விளங்கும். ஐ. எல். எம். அப்துல் அஸீஸ் 1907இல் அதற்கு மறுப்பு எழுதினார். முன்னோர் அரபுநாட்டினர், குடியேறிய இடத்து மொழியை வாணிகத்துக்காகவும் வாழ்வுக்காகவும் ஏற்றவர் அதனாலேயே அவ்வினத்தவர் ஆகிவிடார் என்பது அவர் கூற்று. இருவருமே ஆங்கிலத்திலே எழுதினர் என்பது கவனிக்கத்தக்கது. ஆங்கிலத்தில் 'தமிழ்' என்னும் ஒரே சொல் இருவருடைய பொருளையும் தாங்கவேண்டியிருந்தது. தமிழிலே வாதம் நடந்திருந்தாலும் கருத்து வேறுபாடு இருந்தேயிருக்கும். ஆயின் 'தமிழ் பேசுவோர்' என்றும் 'தமிழர்' என்றும் பிரித்துச் சொல்லும் வசதியேனும் கிடைத்திருக்கும். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலே 'தமிழ் பேசும் மக்கள்' என்னும் தொடர் அரசியல் மேடைகளிலே வழங்கலாயிற்று. அதன் ஆங்கில வடிவம் நீண்ட சுற்றுத்தொடரே. சுற்றிச் சென்றால்தான் அந்த மொழியிலே இப்பொருளுக்குப் போய்ச்சேர முடியும்.

தேசவழமைப் பிரமாணத்தின் தலைப்பிலிருந்து 'மலபார்' என்னும் சொல் அகற்றப்படவில்லை. அச்சொல்லுக்குத் தமிழர் என்று நீதிமன்றங்கள் பொருள் கொண்டன. யாழ்ப்பாணத்துச் சந்தையிலோ கோயில் வீதியிலோ தன்னை மலபார் என்று ஒருவனும் கூறுவதில்லை. முதுசக் காணிக்கும் சீதனத்துக்கும் வழக்காட வந்தவன் மாத்திரம், சட்டத்தரணியின் வாயிலாக, தான் யாழ்ப்பாண மாகாணத்து மலபார்க் குடி என்பதை நிரூபிக்கிறான்.